சம்மன் வேறு, வாரண்ட் வேறு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் களஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இன்றைக்கு எங்களைப் பேசச் சொன்ன தலைப்பு, "சட்டம், குற்றம் தொடர்பான ஆங்கிலச் சொற்கள்". தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் ஒரு அக்கா, "நமக்கெதுக்கு மேடம் இங்கிலீஷு, நாம என்ன வக்கீலா ஆகப் போறோம்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் குழு ஆரம்பித்த முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். வங்கிக்குப் போனால் கவுண்டரில் "பாஸ்புக் என்ட்ரி போட்டாச்சா, வித்ட்ராயல் ஸ்லிப் எங்கே, டியூ எவ்வளவு, ஓவர்டியூ ஆகிடுச்சா" என்று கேட்டார்கள். நம்மில் பலர் பேந்தப் பேந்த விழித்தோம். இன்றைக்கு? டியூவுக்கும் ஓவர்டியூவுக்கும் என்ன வித்தியாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இதற்காக நாம் டியூஷன் வைத்துப் படித்தோமா? இல்லை. பணம் நம்முடையது, ஏமாறக் கூடாது என்ற அவசியம்தான் சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்றும் சொல்கிறோம். வக்கீல், ஜாமீன், கைது, வாய்தா, அமீனா இதெல்லாம் நம்முடைய தமிழ்ச் சொற்கள் என்றுதானே நினைக்கிறோம்? இவை அரபு, பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தவை. நம் பாட்டிமார் பள்ளிக்கூடமே போகாமல் இவற்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். நிலத் தகராறு வந்தது, கோர்ட்டுக்கு நடந்தார்கள், சொல் தானாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. அந்த வழியில்தான் நாமும் கற்கப் போகிறோம்.

ஒரு சகோதரிக்கு நடந்தது

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரியின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள். "என் பேரைச் சொல்லாதீங்க, ஆனா கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும்" என்றார்கள்.

அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு இருசக்கர வாகனம் ஒரு பெரியவரை இடித்துத் தள்ளியது. இவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். போலீஸ் வந்து கேட்டபோது பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வீட்டுக்கு வந்துவிட்டார். அதோடு மறந்தும் போனார்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து ஒரு காவலர் வந்து காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். "சம்மன்" என்ற ஒரு சொல்தான் இவர் காதில் விழுந்தது. தெருவில், "கோர்ட்டிலிருந்து வாரண்ட் வந்திருக்காம்" என்று பேச்சு பரவியது. அன்று இரவே ஒருவர் வந்தார். "கோர்ட்டில் எனக்கு ஆள் இருக்கு. கேன்சல் பண்ணித் தரேன். ஆறாயிரம் ஆகும்" என்றார். நம் சகோதரி குழுவில் "மருத்துவச் செலவு" என்று சொல்லி 6,000 ரூபாய் உள்கடன் வாங்கி அவரிடம் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போகவில்லை. அதுதான் கேன்சல் ஆகிவிட்டதே!

சில வாரம் கழித்து மறுபடியும் காவலர் வந்தார். இந்த முறை கையில் இருந்தது உண்மையிலேயே வாரண்ட். சாட்சி சொல்ல வரச்சொல்லிக் கோர்ட் கூப்பிட்டும் வராததால் போட்ட வாரண்ட். "ஆறாயிரம் பத்தலையோ" என்று நினைத்து அந்த அம்மா அழுதுகொண்டே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

கோர்ட் வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த வழக்கறிஞர் முதல் காகிதத்தைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க இந்தக் கேஸ்ல சாட்சி. போய்ப் பார்த்ததைச் சொல்லிட்டு வந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கேன்சல் பண்ண இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். பிறகு நீதிபதி முன் நின்று நடந்ததைச் சொன்னார்கள். வாரண்ட்டை ரீகால் செய்தார், அதாவது திரும்பப் பெற்றுக்கொண்டார். சாட்சி சொல்லப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த 6,000 ரூபாயை மாதம் 500 வீதம் 12 மாதம், வட்டியோடு கட்டி முடித்தார்கள்.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. முதல் காகிதம் வந்த அன்றே அந்த அம்மா எங்களுக்குப் போன் செய்தார்கள். வேலை அவசரத்தில், "சம்மனா? யாராவது வக்கீலைப் பாருங்கக்கா" என்று சொல்லி வைத்துவிட்டோம். "காகிதத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் விட்னஸ் என்று இருக்கிறதா, அக்யூஸ்டு என்று இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கிய எங்களுக்கு அன்றைக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்களும் உட்கார்ந்து இந்தச் சொற்களைப் படித்தோம். படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காவல் நிலையத்தில் கேட்கும் சொற்கள்

புகார் கொடுக்கப் போகிறோம். தமிழ்நாட்டில் புகாரைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம். அவர்கள் எழுதி, நமக்குப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். கொடுத்த பிறகு கையில் ஒரு சீட்டு தருவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. எப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. குற்ற எண் போட்டு, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று குறித்து, வழக்காகவே பதிவு செய்தது. சி.எஸ்.ஆர். வாங்கிக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று வீட்டுக்கு வந்து ஆறு மாதம் காத்திருந்தவர்கள் நம்மிடையே உண்டு. ரசீது வேறு, வழக்கு வேறு. எப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். இது சட்டத்தில் உள்ளது, கேட்டு வாங்குங்கள்.

வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய அளவுக்குக் கடுமையான குற்றம் என்றால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. சில வகைப் புகார்களில் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம். போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்றால், ஜீரோ எப்.ஐ.ஆர். என்ற சொல்லை நினைவில் வையுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்பலாம்.

அடுத்து, புகாரில் நாம் எழுதும் சொல். மிஸ்ஸிங் என்றால் காணவில்லை, தெஃப்ட் என்றால் திருட்டு. பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போயிருக்கிறார்கள். யாரோ ஒருவர், "சிம்பிளா 'நகையைக் காணோம்'னு எழுதிக் கொடும்மா" என்கிறார். நாமும் எழுதிக் கொடுக்கிறோம். "காணோம்" என்று எழுதினால் அது நாமே எங்கோ தொலைத்ததுபோல ஆகிவிடும். பூட்டை உடைத்தார்கள் என்றால் உடைத்தார்கள் என்றே எழுதுங்கள். கழுத்திலிருந்து அறுத்துக்கொண்டு ஓடினால் அதற்கு ஸ்னாட்சிங் என்று பெயர். இப்போதைய சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் ராபரி. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டெக்காய்ட்டி. நம்பவைத்துப் பணம் வாங்கி ஏமாற்றினால் சீட்டிங். ஒவ்வொன்றுக்கும் தண்டனை வேறு. எனவே சொல் மாறினால் வழக்கின் கனமே மாறிவிடும்.

சீட்டிங் என்றதும் ஒரு அம்மா "ஃபோர் ட்வென்டி!" என்று கத்துகிறார்கள். சரிதான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்கு 420-ஆம் பிரிவு. ஆனால் 1860-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. அதில் ஏமாற்றுதல் 318-ஆம் பிரிவு. கணவர், அவர் வீட்டார் செய்யும் கொடுமைக்கு முன்பு 498-ஏ, இப்போது 85-ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகளே வரும். அதனால் எப்.ஐ.ஆர். கையில் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் யு/எஸ் என்று இரண்டு எழுத்து இருந்தால் "பிரிவின் கீழ்" என்று பொருள், பயப்பட ஒன்றுமில்லை.

அக்யூஸ்டு என்ற சொல்லை நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். "சரியான அக்யூஸ்டுடா அவன்" என்கிறோம். அதன் பொருள் குற்றம் சாட்டப்பட்டவர், அவ்வளவுதான். கோர்ட் தமிழில் "எதிரி" என்று எழுதுவார்கள். விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமானால்தான் கன்விக்டட், அதாவது தண்டனை பெற்றவர். நிரூபணமாகாவிட்டால் அக்விட்டல், விடுதலை. ஒரு குழுவில், உறுப்பினரின் மகன் பெயர் எப்.ஐ.ஆரில் வந்துவிட்டது என்பதற்காக அந்தத் தாய்க்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போடப் பார்த்தார்கள். சகோதரிகளே, மகன்மீதே குற்றம் நிரூபணமாகவில்லை. தாய் என்ன செய்வாள்? ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம், ஜாக்கிரதை.

வீடு தேடி வரும் காகிதங்கள்

வீட்டுக்கு வரும் காகிதம் மூன்று வகை. நோட்டீஸ், சம்மன், வாரண்ட். மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் இவ்வளவு பயம்.

நோட்டீஸ் என்றால் அறிவிப்பு. வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பும் கடிதம். அது கோர்ட் உத்தரவு இல்லை. அதற்காகத் தூக்கிப் பரணில் போட்டுவிடவும் கூடாது. முக்கியமாகச் செக் விஷயத்தில். நம் சகோதரிகள் சிலர் தனியாரிடம் கடன் வாங்கும்போது தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் தொகை எழுதி வங்கியில் போட்டு, பணம் இல்லாமல் திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டலாம். கட்டாவிட்டால் அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் அவர்கள் கோர்ட்டில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் உண்டு. நீங்கள் ஏற்கெனவே கடனைக் கட்டியிருந்தால், செக்கில் எழுதிய தொகை பொய் என்றால், அதைப் பதிலாக எழுதி அனுப்ப வேண்டிய நேரமும் அந்த 15 நாள்தான். எனவே நோட்டீஸ் வந்த தேதியைக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள். கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

சம்மன் என்றால் அழைப்பாணை. "இந்தத் தேதியில் இந்தக் கோர்ட்டுக்கு வா" என்று கோர்ட் கூப்பிடுவது. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நாள் பார்ப்பதுபோல அதில் நான்கு விஷயம் பாருங்கள்: எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன, எந்தத் தேதி, நம்மை என்னவாகக் கூப்பிடுகிறார்கள். விட்னஸ் என்றால் சாட்சி. அக்யூஸ்டு என்றால் எதிரி. சிவில் வழக்கு என்றால் டிஃபெண்டன்ட், அதாவது பிரதிவாதி. சாட்சி என்றால் வக்கீல் வைக்கத் தேவையில்லை, யாருக்கும் பணம் கொடுக்கவும் தேவையில்லை. போக வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும், வர வேண்டும்.

சிவில் வழக்கில் சம்மன் வந்தும் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பாகப்பிரிவினை, வீட்டு மனை வழக்குகளில் இப்படிச் சொத்தை இழக்கும் பெண்கள் உண்டு. அண்ணன் தம்பி, "நீ எதுக்கு அலையிற, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வது யாருடைய பங்கை என்று நாமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அன்று போக முடியாதபடி காய்ச்சல், பிரசவம் என்றால் வக்கீல் மூலம் அட்ஜர்ன்மென்ட் கேட்கலாம். அதுதான் நமக்குத் தெரிந்த வாய்தா.

வாரண்ட் என்றால் பிடியாணை. பிடித்துக்கொண்டு வரச் சொல்லிப் போலீசுக்குக் கோர்ட் தரும் உத்தரவு. இதில் இரண்டு வகை. பெயிலபிள் வாரண்ட் என்றால், குறித்த தேதியில் வருகிறேன் என்று ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். நான்-பெயிலபிள் வாரண்ட், என்.பி.டபிள்யூ. என்பார்கள், அதில் கைது செய்து கோர்ட்டில்தான் நிறுத்துவார்கள். எந்த வாரண்ட்டாக இருந்தாலும் தெருவில் வரும் தரகர் கேன்சல் பண்ண முடியாது. அதைத் திரும்பப் பெறும் அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டுமே உண்டு.

பெண்களுக்கான இரண்டு பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அசாதாரண சூழ்நிலை என்றால் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்று, பெண் காவல் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

ஒருவரைக் கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் காவலில் வைக்க உத்தரவிட்டால் அது ரிமாண்ட். வெளியே விடுவது பெயில், நம் ஜாமீன். நான்-பெயிலபிள் என்று கேட்டதும் "இனி வெளியவே வர முடியாது" என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். அதன் பொருள், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட் பார்த்து முடிவு செய்யும் என்பதே. கைதுக்கு முன்பே வாங்குவது ஆன்டிசிபேட்டரி பெயில், முன்ஜாமீன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஜாமீனுக்கு சூரிட்டி கேட்பார்கள். சூரிட்டி என்றால் பிணை நிற்பவர். "அக்கா, வீட்டு வரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கிட்டு சும்மா வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கூப்பிடுவார்கள். அந்தக் கையெழுத்து சும்மா இல்லை. குழுக் கடனில் ஒருவர் தவணை கட்டாமல் ஊரைவிட்டுப் போனால் மற்றவர்கள் தலையில் விழுகிறதே, அதேதான். ஜாமீனில் வந்தவர் கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிட்டால், பாண்டில் எழுதிய தொகையை நீங்கள் கட்ட வேண்டி வரும். போடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உறவுக்காரர், தெரிந்தவர், நம்பிக்கை இருக்கிறது என்றால் போடுங்கள். பாண்ட் தொகை எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இதைவிட ஆபத்தான கையெழுத்து ஒன்று இருக்கிறது. காம்ப்ரமைஸ் என்றால் சமரசம். வித்ட்ரா என்றால் வாபஸ். கணவரிடம் அடிபட்டுப் புகார் கொடுத்த பெண்ணைப் பெரியவர்கள் உட்காரவைத்துப் பேசுவார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்னு எழுதியிருக்கு, போடும்மா" என்பார்கள். உள்ளே "எனது புகாரின் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று இருக்கும். சமாதானம் வேண்டும் என்று நினைத்தவள் புகாரையே வாபஸ் வாங்கியிருப்பாள். அடுத்த அடி விழுந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரியும். படிக்காமல் போடாதீர்கள். "வீட்டில் கலந்து பேசிட்டு நாளைக்குப் போடறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சேர்ந்து வாழ்ந்துகொண்டே பாதுகாப்பும் கேட்க வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ப்ரொடெக்‌ஷன் ஆர்டர் என்றால் இனி அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு. ரெசிடென்ஸ் ஆர்டர் என்றால் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

போனில் வரும் ஆங்கிலம்

இப்போது புதிதாக ஒன்று. போன் வருகிறது, வீடியோவில் போலீஸ் உடுப்பில் ஒருவர். "உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, உள்ள டிரக்ஸ். மணி லாண்டரிங் கேஸ். யூ ஆர் அண்டர் டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஆங்கிலமும் தமிழுமாக மிரட்டுகிறார். வாட்ஸ்அப்பில் முத்திரை குத்திய பொய் வாரண்ட்டும் அனுப்புகிறார். இங்கே ஆங்கிலச் சொல்லே ஆயுதம். புரியாததால் பயம் வருகிறது, பயத்தில் பணத்தை அனுப்பிவிடுகிறோம்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. புதிய சட்டப்படி சம்மனை மின்னணு முறையில் அனுப்ப இடமுண்டு என்பது உண்மை. ஆனால் வீடியோ காலில் கைது செய்வதும், பணம் அனுப்பினால் விடுவதும் எங்கும் இல்லை. லைனை வெட்டுங்கள், வீட்டில் சொல்லுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

எப்படிப் படிப்பது?

வகுப்பு வேண்டாம், புத்தகம் வேண்டாம். வாரக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிடம். ஒரு வாரம் ஒரு சொல். ஊக்குநர் சொல்லைத் தமிழ் எழுத்தில் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். காகிதத்தில் அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். பஸ் போர்டைப் படம்போலப் பார்த்தே ஊரைக் கண்டுபிடிக்கிறோமே, அதுபோல. பிறகு இருவர் எழுந்து நடித்துக் காட்டுங்கள். ஒருவர் காவலர், ஒருவர் உறுப்பினர். "சம்மன் வந்திருக்கு" என்றால், "நான் விட்னஸா, அக்யூஸ்டா சார்?" என்று கேட்டுப் பழகுங்கள். நாக்குக்குப் பழகிய சொல்தான் அவசரத்தில் வரும்.

12 வாரத்துக்கு 12 சொல் தருகிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

1. சி.எஸ்.ஆர். – மனு ரசீது
2. எப்.ஐ.ஆர். – முதல் தகவல் அறிக்கை
3. தெஃப்ட் – திருட்டு (காணோம் என்பது வேறு)
4. விட்னஸ் – சாட்சி
5. அக்யூஸ்டு – குற்றம் சாட்டப்பட்டவர்
6. நோட்டீஸ் – அறிவிப்பு, தேதி முக்கியம்
7. சம்மன் – அழைப்பாணை
8. வாரண்ட் – பிடியாணை
9. பெயில் – ஜாமீன்
10. சூரிட்டி – பிணை நிற்பவர்
11. எக்ஸ்பார்ட்டி – ஒருதலைத் தீர்ப்பு
12. வித்ட்ரா – வாபஸ்

இதைப் படித்துவிட்டு யாரும் வக்கீல் வேலை பார்க்க வேண்டாம். சொல் தெரிவது, சரியான கேள்வி கேட்கவும் சரியான இடத்துக்குப் போகவும்தான். வழக்கு என்று வந்தால் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா அளவிலும் அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க 15100. வன்முறை, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181.

சகோதரிகளே, நாங்கள் முதலில் சொன்ன அந்த அம்மா இன்றும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். போன மாதம் அவர்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சம்மன் வந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டு ஓடிவந்தாள். இவர்கள் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "விட்னஸுன்னுதான்டி போட்டிருக்கு. எந்திரி, முகத்தைக் கழுவு. தேதி அன்னைக்கு நானும் கூட வரேன்" என்றார்கள். போனார்கள், வந்தார்கள். பஸ் செலவு மட்டும்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் நான்கு சொற்களை ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிவிட்டோம், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது.